இருபத்தோராவது பல்

இசிப்பிங்கோ ரயில் நிலையத்துக்குப் பின்புறம்
கருவிகள் வாடகைக்கு விடும் கடை என்னுடையது.
திரும்பி வரும் ஒவ்வொரு வைர பிளேடையும்
விரலில் தொங்கவிட்டு
ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் தட்டிக் கேட்பேன்.
நல்லது நீளமாகப் பேசும்.
விரிசல் கண்டது
வாயில் சோற்றோடு பதில் சொல்கிறவன்போல
பாதியை விழுங்கிவிடும்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு
தயாளன் கோவெண்டர் வந்தார்.
வாசலில் சாக்கடைக்கு கான்கிரீட் வெட்டப் போன ரம்பம்.
புருவம் வரை சாம்பல்.
ஈரமாக வெட்டியிருந்தால் குழம்பாக வழிந்திருக்கும்,
இது மாவாகப் படிந்திருந்தது.
"டெபாசிட்" என்று கை நீட்டினார்.

நான் தட்டவில்லை. எண்ணினேன்.
அம்புக்குறியிலிருந்து தொடங்கி
ஒரு சுற்று.
இருபது.
இன்னொரு சுற்று.
இருபது.
இரும்பில் நீலம் ஏறியிருந்தது, மயில் கழுத்து நீலம்.
பார்க்க அழகுதான்.
தண்ணீர் கிடைக்காமல் வெந்த இரும்பு
அப்படித்தான் அழகாகும்.

"நான் எடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது."

நோட்டைத் திருப்பிக் காட்டினேன்:
பற்கள் 21. தண்ணீரோடு மட்டும்.
கீழே அவருடைய கையெழுத்து, வால் நீண்ட த.

பல் என்பது நாங்கள் வைத்த பெயர்.
அது கடிப்பதில்லை, உரசும்.
உரசிக்கொண்டே போக விட்டால்
மலையைக்கூட இரண்டாக்கும்.
அவசரப்பட்டு அழுத்தினால்
கல்லை விட்டுவிட்டு உன்னைப் பார்க்கும்.

"இருபத்தொன்று எங்கே?" என்றேன்.

"ஒரு துண்டு இரும்புக்கா இவ்வளவு? பிடித்துக்கொள்ளுங்கள்,
இருநூறு ராண்டா, முந்நூறா?"

பணம் கேட்கவில்லை ஐயா.
தீக்குச்சி நீளம் இருக்கும் அது.
நொடிக்குத் தொண்ணூறு மீட்டர் ஓடுகிற ஒன்று
தொலைந்து போகாது.
எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும்.

பெகானி அதுவரை
வேன் கதவில் சாய்ந்து நின்றிருந்தான்.
குழாய் பிடிக்கப் போனவன்.
உள்ளே வந்து சொன்னான்:
பத்து மணிக்குத் தண்ணீர் நின்றது,
நகராட்சி டேங்கர் மாலையில்தான் வரும் என்றார்கள்,
இன்னும் ஒரு முழம்தான் பாக்கி இருந்தது.

ஒரு முழம்.

எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன்.
கடைத் தரையில் பூட்ஸால் காட்டினான்.
இங்கே ரம்பம்.
இங்கே பாஸ், குனிந்து.
இங்கே நான், காலிக் குழாயோடு.
நான் பிளேடை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தேன்,
அது எந்தப் பக்கம் பார்க்கிறதென்று
மூவரும் பார்த்தோம்.
பெகானியின் முழங்காலை ஒட்டி,
கதவைத் தாண்டி,
டாக்சிக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின்
சீருடை வரை போனது அந்தக் கோடு.
ஒரு பெண் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தயாளன் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மறுபடி வந்தார்.
மசாலாப் பொட்டலம் மாதிரி மடித்த காகிதம்.
உள்ளே அது,
ஒரு முனையில் பச்சைப் பெயின்ட்.

எதிர்வீட்டு கராஜ் கதவில் என்றார்.
இந்த உயரம் என்று
கையை இடுப்பருகில் வைத்தார்,
பிறகு இன்னும் கொஞ்சம் இறக்கினார்.
கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்ததென்று
சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.
டெபாசிட்டை அவர் கேட்கவில்லை.
தண்ணீர் கேன் ஒன்று வேண்டும் என்றார்,
கையால் பம்ப் அடிப்பது,
இருப்பதிலேயே பெரியது.

நோட்டில் எழுதினேன்:
21. வந்து சேர்ந்தது.

வரிசையில் அடுத்து நின்றவர்
தன் பிளேடை நீட்டினார்.
விரலில் தொங்கவிட்டுத் தட்டினேன்.
அது பேசி முடிக்கும்வரை
கடையில் யாரும் நகரவில்லை.